கார்னிஸை வழித்தெடுத்தது பயன்பாட்டுவாதமா?

ரசமட்டம்:
பயனே வடிவத்தைத் தீர்மானிக்கட்டும் என்ற பயன்பாட்டுவாதத்தின் பெயரில் நவீனத்துவக் கட்டடக்கலை சுவரிலிருந்து வழித்தெடுத்ததில் பாதி அலங்காரமே இல்லை என்பது என் கட்சி. கார்னிஸ் (சுவர் உச்சியில் துருத்தும் விளிம்பு), ஜன்னல் மேல் நீட்டம், துருத்திய சில் (ஜன்னல் அடிப்பலகை) எல்லாம் மழைத்தண்ணீரைச் சுவரில் படாமல் தள்ளிவிட வைத்தவை. நீட்டத்தின் அடியில் விளிம்பை ஒட்டி ஒரு காடி, அதாவது நீளப் பள்ளம், ஓடும், 10 மி.மீ. அகலம் இருந்தாலே போதும். அடிப்பக்கமாக ஊர்ந்து வரும் தண்ணீர் அந்த இடத்தில் அறுபட்டுச் சொட்டிவிடும். காடி இல்லையென்றால் நேரே சுவருக்கு வரும். முதலில் சில் முனைகளுக்குக் கீழே கறுத்த கோடு, பிறகு ஓதம், பிறகு பூச்சு உப்பி உதிரும். பாரிஸ் அருகே தட்டைக் கூரையோடு கட்டிய வில்லா சவோய் என்ற வீடு 1931-இல் முடிந்தது. வீட்டுக்காரர்கள் அதை வரைந்த கட்டடக்கலைஞர் லெ கொர்புசியேவுக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டார்கள், ஒழுகுகிறது என்று. நனையாமல் இருக்க முடியாத வீட்டுக்குப் பயன்பாட்டுவாதம் என்று பெயரா?

வரைபலகை:
ஒழுகலைக் கொள்கையின் தலையில் கட்டாதீர்கள். தட்டைக் கூரை ஒழுகினால் முதலில் வாட்டத்தை, அதாவது தண்ணீர் வடியும் சரிவை, பாருங்கள். வரைபடத்தில் 40-க்கு 1, அதாவது 4 மீட்டருக்கு 10 செ.மீ. கொடுத்தால்தான் கட்டி முடித்த பிறகு 80-க்கு 1 ஆவது மிஞ்சும். தளம் கொஞ்சம் தொய்யும், மேல்பூச்சும் ஒரே சீராக வராது. 80-க்கு 1 என்றே வரைந்தவர் கூரையில் குட்டை தேங்கும். நீர்க்காப்பு விரிப்பைக் கைப்பிடிச் சுவரில் 150 மி.மீ. ஏற்ற வேண்டும். மூலையில் செங்குத்தாக மடிக்காமல் சாய்வாகக் கலவை வைத்து மடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மடிப்பிலேயே விரியும். தண்ணீர் போக இரண்டு வழி வேண்டும், ஒன்று இலை அடைத்தாலும் மற்றது இருக்கும்.

பயன்பாட்டுவாதத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பிராங்க்ஃபர்ட் சமையலறையைப் பாருங்கள். 1926, கட்டடக்கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹாட்ஸ்கி வரைந்தது. சுமார் 1.9 × 3.4 மீட்டர் இடம். நடக்கும் அடிகளைக் கணக்குப் பார்த்துப் போட்ட அமைப்பு. தானியத்துக்கு மூக்கு வைத்த அலுமினிய இழுப்பறைகள், மாவுக்கு மட்டும் பூச்சி அண்டாத ஓக் மரப்பெட்டி. ஏறத்தாழ 10,000 வீடுகளில் பொருத்தினார்கள். இதில் எதை வழித்தெடுத்து யாருக்கு நஷ்டம்?

ரசமட்டம்:
அதில் இரண்டாவது ஆள் நின்றால் முழங்கை இடிக்கும். ஒருவர் செய்யும் வேலையை மட்டும் அளந்தார்கள், அளக்காதது பயன் பட்டியலிலேயே ஏறவில்லை. மாவுப்பெட்டிக்கு மட்டும் நானும் கைதட்டுவேன்.

தூக்குக்குண்டு:
ரெண்டு பேரும் கூரையையும் அடுப்பங்கரையையும் விட்டு வெளியே வாங்க. வெயிலைப் பத்தி யாருமே பேசல. பாரிஸ்ல 1933-ல திறந்த சால்வேஷன் ஆர்மி தொண்டு அமைப்போட விடுதி, சித்தே த ரெஃபூஜ், அதுவும் கொர்புசியேதான். தெற்கு பார்த்த கண்ணாடி முகப்பு, ஒரு ஜன்னலும் திறக்காது. ரெட்டைக் கண்ணாடியும் குளிரூட்டலும் சேர்ந்தாத்தான் அந்தத் திட்டம் ஓடும். செலவுன்னு ரெண்டையும் வெட்டிட்டாங்க. முதல் கோடையிலேயே உள்ளே இருந்தவங்க வெந்து போனாங்க. திறக்கிற ஜன்னல் வைக்க வேண்டியதாச்சு, போருக்கு அப்புறம் முகப்பு முழுக்க வெயில் தடுப்பும் வந்தது.

கணக்கு ரொம்பச் சின்னது. ஜூன் 21 உச்சிவேளையில பாரிஸ்ல சூரியன் சுமார் 64.5 டிகிரி உயரத்துல நிக்கும். 2.1 மீட்டர் கண்ணாடிக்கு 1 மீட்டர் நீட்டம் போட்டா முழுக்க நிழல். டிசம்பர்ல அதே நேரம் 18 டிகிரிகூட வராது, அதனால குளிர்கால வெயில் தாராளமா உள்ளே வரும். மேற்கு முகப்புக்கு இது செல்லாது, சூரியன் தாழ்ந்து நேரா அடிக்கும். அங்கே செங்குத்துத் தகடுதான்.

ரசமட்டம்:
ஆக, சீவி எறிந்த நீட்டம் வேறு பெயரில் திரும்பி வந்தது.

வரைபலகை:
கணக்கோடு வந்தது, அதுதான் வித்தியாசம்.

ரசமட்டம்:
கணக்கா? சிகாகோ லேக் ஷோர் டிரைவ் 860-880 அடுக்குமாடிகள், கட்டடக்கலைஞர் மீஸ் வான் டெர் ரோ, 1951. தீ விதிக்காகத் தூண் இரும்பைக் கான்கிரீட்டில் மூடிவிட்டு, வெளியே ஐ-வடிவ இரும்பை ஒட்டினார். சுமை தாங்காத இரும்பு.

வரைபலகை:
காற்றழுத்தத்தில் கண்ணாடிச் சட்டம் வளையாமல் அது பிடிக்கிறது.

ரசமட்டம்:
ஜன்னலுக்கு ஜன்னல் நடுவே இருப்பது பிடிக்கிறது, சரி. தூண் மேலேயே ஒட்டியது? அங்கே கண்ணாடியும் இல்லை, வளைய எதுவும் இல்லை.

வரைபலகை:
அது கண்ணுக்காக, ஒத்துக்கொள்கிறேன். அதே கண்டிப்பை உங்கள் கார்னிஸிடமும் காட்டுங்கள். மேல்முகத்தில் ஈயத்தகடு போர்த்தாத கல் கார்னிஸ் தண்ணீரைத் தானே குடிக்கும். இணைப்பு திறக்கும், உள்ளே இருக்கும் இரும்புக் கொக்கி துருவேறிப் பெருக்கும், கல் பிளந்து நடைபாதையில் விழும். தகடும் காடியும் இருந்தால் கார்னிஸ் வேண்டும் என்றே நானும் சொல்வேன்.

தூக்குக்குண்டு:
தகட்டைக் கல் விளிம்போட நிறுத்தாதீங்க, மடிச்சுக் கீழே இறக்கிச் சொட்ட விடுங்க. இல்லேன்னா விளிம்புல தண்ணி திரும்பி உள்ளேதான் போகும்.