மறுமொழி: அரசமைப்பில் 'கடன்' வேண்டாமே

அன்புள்ள ஐயா,

வணக்கம்.

> ஒரு நாட்டின் அரசமைப்பு பிற நாடுகளிலிருந்து கூறுகளை எடுத்துக்கொள்வதை 'அரசமைப்புக் கடன்' எனலாமா? கட்டுரை அச்சுக்குப் போக வேண்டும்.

வேண்டாம் என்பேன். தலைப்பில் அதைப் பார்த்ததும் பாதிப் பேர் அரசாங்கம் வாங்கிய கடன் என்று நினைப்பார்கள். மீதிப் பேருக்குக் 'கடமை' என்ற பொருள் நினைவுக்கு வரும். 1976-இல் 42-ஆவது திருத்தம் சேர்த்த அடிப்படைக் கடமைகளைத் தேடிப் பக்கம் புரட்டுவார்கள். அதோடு, கடன் என்றால் திருப்பித் தர வேண்டுமே. நெறிமுறைக் கோட்பாடுகளைத் தந்த அயர்லாந்துக்கு எதைத் திருப்பித் தருவது? அரசமைப்பின் அடிப்படைக் கருத்துகளுக்கு யாரிடமும் காப்புரிமை இல்லை என்று 1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கரே அரசமைப்பு நிர்ணய சபையில் சொல்லிவிட்டார்.

'இரவல்' வசைச்சொல்; வைகிறவர்களுக்கே விட்டுவிடலாம். வீணை, சிதார் இசை கேட்க ஆசைப்பட்டோம், கிடைத்ததோ இங்கிலீஷ் பேண்டு என்று அதே சபையில் உறுப்பினர் ஹனுமந்தையா குறைபட்டார். அவருக்குப் பொருத்தமான சொல் அது.

> 'உறுப்பு மாற்று' என்றும் யோசித்தேன்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது ஐயா. அரசமைப்பின் எண்ணிட்ட விதிகளையே தமிழில் 'உறுப்பு' என்கிறோம். உறுப்பு மாற்று என்றால் திருத்தம் என்றுதான் படிப்பார்கள்.

என் பரிந்துரை 'ஒட்டு'. எங்கள் வீட்டு மாங்கன்றைப் பார்த்துத்தான் தோன்றியது. நாட்டுக் கொட்டையில் முளைத்த கன்றின் தலையை வெட்டி, நல்ல ரகக் குச்சியைச் சீவிச் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். "ஒட்டுக்குக் கீழே துளிர் வந்தா கிள்ளிடுங்க, இல்லாட்டி நாட்டு மரந்தான் நிக்கும்" என்றார் நாற்றங்கால்காரர்.

நம் அரசமைப்பின் நாட்டுக் கன்று 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம். ஆட்சி நடைமுறை விவரங்கள் பெரும்பாலும் அதிலிருந்து வந்தவை. அதன் மேல் கட்டிய குச்சிகள்தாம் கனடாவின் எஞ்சிய அதிகாரம் (எந்தப் பட்டியலிலும் வராதவை மத்திய அரசுக்கு), ஆஸ்திரேலியாவின் பொதுப்பட்டியல் (மத்திய அரசும் மாநிலங்களும் சட்டம் இயற்றக்கூடியவை), அயர்லாந்தின் நெறிமுறைக் கோட்பாடுகள் (அரசு மனத்தில் கொள்ள வேண்டியவை). நீதிமன்றத்தின் வழியே வற்புறுத்த முடியாது என்ற நிபந்தனைகூட 1937 ஐரிஷ் அரசமைப்பின் 45-ஆம் உறுப்பில் உண்டு; நம்முடைய 37-ஆம் உறுப்புக்கு அது அப்படியே வந்துவிட்டது. கீழ்த்துளிரும் இருக்கிறது. கவர்னர் ஜெனரலுக்கு இருந்த அவசரச் சட்ட அதிகாரம் இன்றைக்கும் 123-ஆம் உறுப்பில் குடியரசுத் தலைவரின் அதிகாரமாகத் தழைக்கிறது. அதை யாரும் கிள்ளவில்லை.

அன்புடன்,
தங்கள் மாணவன்

-----

தம்பி,

கடன் போகட்டும், ஒப்புக்கொள்கிறேன். ஒட்டில்தான் இரண்டு இடறல்.

முதலாவது, 'ஒட்டுப்போட்ட சட்டை'. இரவலைத் தள்ளிவிட்டுக் கிழிசலுக்குப் போகிறோமோ?

இரண்டாவது, உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் 21-ஆம் உறுப்பு. அரசமைப்பு ஆலோசகர் பி.என். ராவ் 1947 கடைசியில் அமெரிக்கா போனபோது அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்தார். 'உரிய சட்டமுறை' என்ற அமெரிக்கத் தொடர் வேண்டாம், நீதிபதிகளுக்கு அளவுக்கு மீறிய அதிகாரம் தந்துவிடும் என்பது ஃபிராங்க்ஃபர்ட்டரின் கருத்து. வரைவுக் குழு அதை விட்டுவிட்டு, ஜப்பானின் 31-ஆம் உறுப்பைப் பார்த்து 'சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை' என்று எழுதியது. அந்த ஜப்பானிய அரசமைப்பை வரைந்ததே ஆக்கிரமிப்புக் காலத்து அமெரிக்கர்கள்தாம்!

1950-இல், விசாரணையின்றித் தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் சென்னை மாநிலச் சிறையிலிருந்து வழக்குத் தொடுத்தார். சட்டமன்றம் இயற்றிய நடைமுறை இருந்தால் போதும் என்று உச்ச நீதிமன்றத்தில் பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். 1978-இல் மேனகா காந்தி வழக்கில், அந்த நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்றார்கள். வாசலிலேயே திருப்பி அனுப்பிய அமெரிக்கக் கருத்து 28 வருடம் கழித்துத் தீர்ப்பின் வழியாக உள்ளே வந்துவிட்டது. யாரும் கட்டாத குச்சி காய்த்திருக்கிறது. இதற்கு உன் நாற்றங்கால்காரர் என்ன சொல்வார்?

-----

ஐயா,

அவரைக் கேட்டால் 'பறவை போட்ட விதை' என்பார்! அதற்கு வேறு சொல் தேடுவோம். எல்லாவற்றையும் ஒரே சொல்லில் திணிக்க வேண்டாம். தெரிந்தே, எழுத்தில் எடுத்துக்கொண்டதற்கு மட்டும் இதை வைக்கலாம். செயலுக்கு 'ஒட்டுக்கட்டல்', எடுத்துக்கொண்ட பகுதிக்கு 'ஒட்டுக்கூறு'. கூறு சேர்ந்துவிட்டால் சட்டைக் கிழிசல் நினைவு வராது.

-----

சரி, ஒட்டுக்கூறு இருக்கட்டும். தலைப்பை 'அரசமைப்பில் ஒட்டுக்கூறுகள்' என்று மாற்றிவிட்டேன். மேனகா வழக்குப் பகுதிக்கு இப்போதைக்குச் சொல் வைக்காமல், நடந்ததை அப்படியே விவரித்து எழுதுகிறேன். மெய்ப்பை மட்டும் நீயே பார்த்துவிடு தம்பி. தட்டச்சில் ஒட்டு 'ஓட்டு' ஆகிவிட்டால் தேர்தல் கட்டுரையாகிவிடும்.