கேசினோ விடுதிகளில் இருக்கும் உயர்தரச் சீன உணவகங்கள் கொடுக்கும் விலைக்குத் தகுமா?

கேட்டவர்: சத்துவாச்சாரிக்காரன்

அனைவருக்கும் வணக்கம். பள்ளி விடுமுறையில் பெற்றோரையும் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு, நானும் மனைவியும் சிங்கப்பூரில் இருக்கும் அக்காள் வீட்டுக்குச் செல்கிறோம். அப்பாவுக்கு எழுபது வயது நிறைந்து, பீமரத சாந்தி ஊரிலேயே முடிந்துவிட்டது. அதற்கு வர முடியாத குறையைத் தீர்க்க, கேசினோ எனப்படும் சூதாட்டக் கூடமும் அடங்கிய மெரினா பே சாண்ட்ஸ் வளாகத்தில் உள்ள ஒரு பெரிய சீன உணவகத்தில் இரவு விருந்து வைக்க வேண்டும் என்று அக்காளும் மாமாவும் விரும்புகிறார்கள். செலவை நானும் மாமாவும் பாதிப் பாதியாக ஏற்பதாகப் பேச்சு.

அந்த உணவகத்தின் விலைப்பட்டியலை இணையத்தில் பார்த்ததிலிருந்து எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அப்பாவுக்காகச் செலவு செய்ய நான் யோசிக்கவில்லை. ஆனால் அந்த விலையில் எவ்வளவு சமையலுக்குப் போகிறது, எவ்வளவு கட்டடத்தின் பகட்டுக்குப் போகிறது என்று தெரியாமல் பணத்தைக் கொடுக்க மனம் ஒப்பவில்லை. காட்பாடிச் சாலையில் கிடைக்கும் சில்லி சிக்கன், கோபி மஞ்சூரியன், ஃபிரைடு ரைஸ் ஆகியவற்றைத் தவிர வேறு சீன உணவை என் பெற்றோர் அறியார்கள். வீட்டில் மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் சேர்ப்பதில்லை. கேசினோ இருக்கும் இடத்துக்குள் பிள்ளைகளை அனுமதிப்பார்களா என்பதும் தெரியவில்லை. இத்தகைய விடுதிகளில் சாப்பிட்டவர்கள் தங்கள் கருத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: ராணிப்பேட்டை தோல் வணிகர்

தம்பி, என் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். மதிய உணவுக்குத் தகும். இரவு விருந்துக்கு, உங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை, தகாது.

ஹாங்காங்கில் நடக்கும் தோல் கண்காட்சிக்கு ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் நெடுங்காலமாகச் சென்று வருவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கிருந்து, கேசினோ விடுதிகளுக்குப் பேர்போன மக்காவ் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம் என்பதால், வாங்குபவர்கள் எங்களை விருந்துக்கு அங்கே அழைத்துச் செல்வதுண்டு. அந்த மேசைகளில் அமர்ந்து பார்த்ததையும், அந்த வணிகர்களிடம் கேட்டறிந்ததையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

மக்காவில் சூதாட்டத் தொழில் ஒரே நிறுவனத்தின் ஏகபோகமாக இருந்த நிலை 2002இல் முடிவுக்கு வந்தது. அதன் பிறகு அமெரிக்க நிறுவனங்கள் உள்ளே நுழைந்து, 2004இல் சாண்ட்ஸ் மக்காவையும் 2007இல் வெனிஷியனையும் திறந்தன. அந்த விடுதிகளின் சூதாட்ட வருமானத்தில் பெரும்பகுதி பக்காரா என்னும் சீட்டாட்ட மேசைகளிலிருந்து வருகிறது. பெருந்தொகை வைத்து ஆடுபவருக்கு அறை, சாப்பாடு, மது எல்லாம் விடுதியின் கணக்கிலேயே போகும். ஆகவே இரவு விலைப்பட்டியலில் முன்னே நிற்கும் உலர்ந்த அபலோன் என்னும் கடல் நத்தை, கடல் அட்டை, மீனின் காற்றுப்பையான நெட்டி, உழவாரக் குருவியின் கூடு ஆகியவற்றுக்குப் போடப்படும் விலை, பில்லைத் தம் கையால் கொடுக்காத ஆட்டக்காரரையும், விருந்தாளியின் முன் தம் தகுதியைக் காட்ட வேண்டிய முதலாளியையும் எண்ணிப் போடப்படும் விலை. உலர்ந்த அபலோனைப் பக்குவப்படுத்தப் பல நாள் ஊறவைத்து, கோழியும் உப்பிட்ட பன்றித்தொடையும் சேர்ந்த சாற்றில் மணிக்கணக்காக வேகவைக்க வேண்டும் என்பது உண்மை. அந்த உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதன் அருமை அதைச் சிறு வயதிலிருந்து சாப்பிட்டு வளர்ந்த நாவுக்குத்தான் புலப்படும், உங்கள் அப்பாவுக்கு அது மென்மையான ரப்பர்த் துண்டாகத்தான் தெரியும்.

இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. உணவகம் தனியாக லாபம் காட்ட வேண்டிய நெருக்கடி குறைவாக இருப்பதால், இந்த விடுதிகள் தேர்ந்த சமையல்காரர்களை நல்ல சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்கின்றன. மக்காவ் கிராண்ட் லிஸ்போவா விடுதியின் ‘தி எயிட்’ உணவகம், உணவகங்களைத் தரப்படுத்தும் மிஷலின் வழிகாட்டியின் 2014 பதிப்பிலும், சிட்டி ஆஃப் ட்ரீம்ஸ் வளாகத்தின் ‘ஜேட் டிராகன்’ 2019 பதிப்பிலும் அதன் உச்ச மதிப்பான மூன்று நட்சத்திரம் பெற்றன. அந்தத் தரத்துச் சமையலறைகளே மதியத்தில் டிம் சம் எனப்படும் சிற்றுணவுகளையும் செய்கின்றன. இரவு விருந்தின் செலவில் ஒரு சிறு பங்கில் அங்கே வயிறு நிறையச் சாப்பிட்டுவிடலாம்.

நீங்கள் பார்க்க வேண்டியது இறால் டிம் சம்மை. கோதுமை மாச்சத்தையும் மரவள்ளி மாச்சத்தையும் கலந்து, நாம் கொழுக்கட்டைக்கு மேல்மாவு கிளறுவதைப் போலவே கொதிநீர் ஊற்றிப் பிசைகிறார்கள். பிறகு எண்ணெய் தடவிய அகலக் கத்தியின் பக்கவாட்டால் ஒவ்வோர் உருண்டையையும் ஓர் அழுத்தில் வட்டத் தகடாக்கி, இறாலை வைத்து, ஒரு பக்கம் மட்டும் பத்துக்கும் மேற்பட்ட மடிப்புகள் விழும்படி விரலால் மூடுகிறார்கள். வெந்து வரும்போது உள்ளே இருக்கும் இறாலின் இளஞ்சிவப்பு தோலின் வழியாகத் தெரிய வேண்டும். எடுக்கும்போது தோல் கிழியக் கூடாது, கூடையின் அடியிலும் ஒட்டக் கூடாது. தேறிய கைக்கும் தேறாத கைக்கும் உள்ள வேறுபாடு அதில் ஒரு வாயிலேயே தெரிந்துவிடும். தி எயிட்டில் அதைத் தங்கமீன் வடிவில் செய்து வைத்தபோது, எங்களுடன் வந்திருந்த வாணியம்பாடிப் பெரியவர் நெடுநேரம் தொடாமலே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தகைய கைவேலைக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண்செலவு அன்று என்பது என் உறுதியான எண்ணம்.

பதில்: சிங்கப்பூரில் இருக்கும் வேலூர்ப் பெண்

வேலூரில் செவிலியர் படிப்பை முடித்து இங்கே வேலைக்கு வந்தவள் நான். பணம் கைவிட்டுப் போகும் வழிகளை மட்டும் சொல்கிறேன்.

விலைப்பட்டியலில் தொகைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், அதையும் சேர்த்த தொகையின் மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் வரும் என்று பொருள். 100 டாலர் என்று போட்டிருந்தால் நீங்கள் கொடுக்கப்போவது 119 டாலர் 90 காசு. ஒரு சிங்கப்பூர் டாலர் அறுபது ரூபாய்க்கும் மேல் என்பதை நினைவில் கொள்ளுங்கள். இங்குள்ள பல சீன உணவகங்களில் தேநீருக்குத் தலைக்கு ஒரு தொகை, உட்கார்ந்தவுடன் வைக்கும் வேர்க்கடலைக்கும் ஊறுகாய்க்கும் ஒரு தொகை, ஈரத் துண்டுக்கும் ஒரு தொகை உண்டு. வேண்டாம் என்று முதலிலேயே சொன்னால் எடுத்துவிடுவார்கள், யாரும் தவறாக நினைப்பதில்லை. உயிர்மீனுக்கும் நண்டுக்கும் விலை 100 கிராமுக்குத்தான் எழுதியிருக்கும். முழு மீனின் எடையைக் கேட்காமல் தலையாட்டிவிடாதீர்கள். இரவு விருந்தில் பில் கட்டுக்கடங்காமல் ஏறுவது பெரும்பாலும் இந்த ஓர் இடத்தில்தான்.

பிள்ளைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். 2010இல் இங்கே திறக்கப்பட்ட இரண்டு கேசினோ வளாகங்களிலும் சூதாட்டக் கூடம் தனியாகக் காவலுடன் இருக்கிறது. 21 வயதுக்குக் கீழ் யாரும் அதற்குள் போக முடியாது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் நுழைவதற்கே ஒரு நாளுக்கு 150 டாலர் கட்ட வேண்டும். மெரினா பே சாண்ட்ஸில் கடைத்தொகுதியின் வழியாகவே குடும்பத்துடன் போகக்கூடிய உணவகங்கள் பல உள்ளன.

சுவையைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நம் ஊரில் சீன உணவு என்று நாம் வளர்த்துக்கொண்டது இந்தியாவிலேயே பிறந்தது. சிக்கன் மஞ்சூரியனை 1975இல் மும்பையில் நெல்சன் வாங் என்பவர் உருவாக்கியதாகச் சொல்வார்கள். கேசினோ விடுதிகளில் பெரும்பாலும் கிடைப்பது கன்டோனீஸ் எனப்படும் தென்சீனச் சமையல். அதில் காரம் மிகக் குறைவு, மசாலா ஏறக்குறைய இல்லை, மீனோ கோழியோ தன் சுவையோடு நிற்பதைத்தான் சிறப்பு என்பார்கள். இதைப் பெற்றோரிடம் முன்னதாகவே சொல்லி அழைத்துச் செல்லுங்கள்.

விலையை மட்டும் அளவுகோலாக வைத்தால் ராணிப்பேட்டை ஐயாவின் கருத்திலிருந்து நான் சற்று விலகுகிறேன். சிங்கப்பூருக்கான முதல் மிஷலின் வழிகாட்டி 2016இல் வந்தபோது, சைனாடவுன் வளாகத்தில் சான் ஹான் மெங் என்பவர் நடத்திய சோயா சாஸ் கோழிச்சோற்றுக் கடைக்கும் ஒரு நட்சத்திரம் கிடைத்தது. அப்போது அங்கே ஒரு தட்டு ஏறத்தாழ 2 டாலர்தான். இந்த ஊரில் நல்ல சீன உணவுக்குப் பெரிய பணம் கட்டாயம் இல்லை. ஆனால் அத்தகைய இடத்தில் எழுபது வயதுப் பெரியவரைத் தட்டுடன் இடம் தேடி நிற்கவைப்பது சிரமம். குளிரூட்டிய அறையும், பெரிய வட்டமேசையும், அவசரப்படுத்தாத பரிமாறலும் அவருக்கு வேண்டும் என்றால், அதற்கான விலையைக் கொடுப்பதில் தவறு காணமாட்டேன்.

பதில்: ஆம்பூரான்

எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. நாங்கள் ஹலால் மட்டுமே உண்பவர்கள். இந்த வகை உணவகங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஹலால் சான்று கிடையாது. பன்றிக் கொழுப்பும் சமையல் மதுவும் அந்தச் சமையலில் பல இடங்களில் கலந்திருக்கும். பன்றி இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் துண்டுகளை நீக்கித் தருவார்கள். சூப்புக்கும் குழம்புக்கும் அடியாக இருக்கும் சாறு காலையிலேயே உப்பிட்ட பன்றித்தொடையுடன் கொதித்திருக்கும், அதை நமக்காக மாற்ற முடியாது. காய்கறித் தட்டின் மேல் ஊற்றுவதே சிப்பிச் சாறாக இருக்கும். பட்டியலில் பாதியைத் தொட முடியாத குடும்பம் முழு விலை கொடுத்து அங்கே உட்காருவது எனக்குச் சரியாகப் படவில்லை. சகோதரர் வீட்டிலும் பன்றி இறைச்சி சேர்ப்பதில்லை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கேட்டவர்: சத்துவாச்சாரிக்காரன்

மிக்க நன்றி. மாமாவிடம் பேசி மதிய உணவாக மாற்றிவிட்டோம். ஆம்பூர் நண்பர் சொன்னதை எண்ணி அம்மா சற்றுத் தயங்குகிறார். எட்டுப் பேருக்கு என்னென்ன சொல்லலாம் என்று ஐயா வழிகாட்டினால் நன்றாக இருக்கும்.

பதில்: ராணிப்பேட்டை தோல் வணிகர்

ஆம்பூர் நண்பர் சொல்வது நியாயம். ஹலால் கட்டாயம் என்றால் அங்கே போக வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் பன்றியும் மாடும் மட்டும்தான் தடை என்றால், சாறு ஊற்றாத, பன்றிக் கொழுப்பு சேராத உணவுகளாகத் தேர்ந்தெடுத்துச் சமாளிக்கலாம். மேசைக்கு முன்பதிவு செய்யும்போதே இதை எழுத்தில் தெரிவிக்கச் சொல்லுங்கள். அன்று மதியம் பரிமாறுபவரிடம் சொன்னால் சமையலறையால் அதிகம் செய்ய இயலாது.

பன்றிக் கொழுப்பு சேராததுதானா என்று கேட்டுக்கொண்டு, இறால் டிம் சம் எட்டுப் பேருக்கும் வரும்படி சொல்லுங்கள். ஒரு கூடையில் மூன்றோ நான்கோதான் இருக்கும். காய்கறி டிம் சம் இரண்டு கூடை, முள்ளங்கி அடை வேண்டாம், ஏனெனில் அதில் பெரும்பாலும் பன்றித் துண்டுகள் இருக்கும். பீக்கிங் வாத்தை முழுதாகச் சொல்லாமல் பாதி கிடைக்குமா என்று கேளுங்கள், சில இடங்களில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியிருக்கும். தோலுக்கும் கொழுப்புக்கும் இடையே காற்றை ஊதி, கொதிநீர் ஊற்றி, மால்ட் பாகு தடவி, ஒரு நாள் காற்றில் உலர்த்திய பிறகே அதை வாட்டுகிறார்கள் என்பதால், அந்த மொறுமொறுப்பான தோலை வீட்டில் யாரும் செய்துவிட முடியாது. முதலில் வரும் தோலைச் சர்க்கரையில் தொட்டு அம்மாவுக்குக் கொடுங்கள்.

கடைசியாக, சீனர்கள் பெரியவர்களின் பிறந்தநாள் விருந்தில் நறுக்காத நீண்ட நூடுல்ஸையும், உள்ளே தாமரை விதைப் பூரணம் வைத்துப் பீச் பழ வடிவில் ஆவியில் வேகவைத்த பன்னையும் வைப்பது வழக்கம். இரண்டும் நீண்ட ஆயுளுக்கானவை. எழுபது வயது விருந்து என்று முன்பதிவிலேயே சொல்லி, பன்றிக் கொழுப்பும் இறைச்சிச் சாறும் சேர்க்காமல் செய்ய முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் அந்த இரண்டையும் உறுதி செய்துவிடுங்கள், அபலோன் பக்கத்தைத் திருப்பவே வேண்டாம்.