சக்ஷன் வழியில் சளி வருவதில்லை, கஃப் பிரஷரும் இறங்குகிறது: உதவி

இரவுத்தாதி, கொழும்பு:
வணக்கம். இங்கே ஒரு ஐசியூவில் வேலை செய்கிறேன். மூச்சுக்குழாய் டியூபைச் சுற்றியுள்ள காற்றுப் பலூனான கஃபுக்கு மேலே தேங்கும் சளியை உறிஞ்சத் தனி வழி (சக்ஷன் வழி) உள்ள டியூப் எங்களுக்கு இப்போதுதான் வரத் தொடங்கியிருக்கிறது. வென்டிலேட்டரில் இருக்கும் ஒரு ஐயாவுக்கு நேற்றுவரை அதில் நன்றாக வந்தது, மாலையிலிருந்து ஒரு சொட்டும் இல்லை. சலைன் விட்டுக் கழுவலாமா? கஃப் பிரஷரும் பார்க்கும்போதெல்லாம் 20க்குக் கீழே. கஃப் ஓட்டையா?

மயக்கமருந்து அண்ணா:
சலைன் வேண்டாம் தங்கச்சி. கஃப் சரியாக அடைக்காவிட்டால் அது நுரையீரலுக்குத்தான் இறங்கும். முதலில் கஃப் பிரஷரை 20–30 சென்ரிமீற்றர் நீரளவுக்குள் கொண்டு வாருங்கள். 30ஐத் தாண்டினால் மூச்சுக்குழாய்ச் சவ்வுக்கு இரத்தம் போவது குறையும். அப்புறம் சக்ஷன் வழியால் 2–3 மில்லிலீற்றர் காற்றை மெதுவாகத் தள்ளுங்கள். பெரும்பாலும் சக்ஷன் துளை மூச்சுக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும், இல்லையென்றால் கெட்டிச் சளி. வரவில்லையே என்று பலமாக இழுக்காதீர்கள், சவ்வு புண்ணாகும். சிரிஞ்சை பைலட் பலூனில் (கஃபுக்குக் காற்று ஏற்றும் வெளிப் பலூன்) மாட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இரவில் கை தவறும்!

ஐசியூ அக்கா:
ஓட்டை என்று இப்போதே முடிவெடுக்க வேண்டாம். மனோமீற்றரை (பிரஷர் அளக்கும் கருவி) மாட்டும்போதே கஃபிலுள்ள காற்றில் கொஞ்சம் அதன் குழாய்க்குள் போய்விடும், அதனாலும் எண் குறையும். நோயாளியைப் புரட்டிய பிறகும் மாறும். 25க்கு ஏற்றி, கழற்றாமல் சில நிமிடம் பாருங்கள். நின்றால் கஃப் நல்லது. இறங்கிக்கொண்டே போனால் பல்லருகே டியூபில் உள்ள அளவுக்குறியையும், உள்ளே போகும் காற்றளவு திரும்பி வருகிறதா என்பதையும் பார்த்து டொக்டரைக் கூப்பிடுங்கள். டியூப் மேலே ஏறியிருந்தாலும் இப்படித்தான் காட்டும்.

இரவுத்தாதி, கொழும்பு:
காற்று விட்டதும் கட்டிச் சளி வந்தது! பிரஷர் 25இல் நிற்கிறது. கூம்பு வடிவக் கஃப் வாங்கினால் இன்னும் நல்லதா?

மயக்கமருந்து அண்ணா:
சாதாரண கஃப் விரியும்போது மடிப்பு விழும், அதன் வழியே சளி நுரையீரலுக்குக் கசியும். கூம்பு வடிவமும் மெல்லிய பொலியூரித்தேன் பிளாஸ்டிக்கும் அந்த மடிப்பைக் குறைக்கத்தான் வந்தன. ஆய்வுகூடத்தில் கசிவு குறைந்தது. நோயாளிகளிடம் நிமோனியா குறைந்ததாகத் தெளிவாகத் தெரியவில்லை, வென்டிலேட்டர் நிமோனியாவைத் தடுப்பதற்கான 2022 அமெரிக்க வழிகாட்டலும் இவற்றைப் பரிந்துரைக்கவில்லை. காசிருந்தால் இப்போதுள்ள சக்ஷன் டியூபையே தொடர்ந்து எடுக்கச் சொல்லுங்கள், இரண்டு மூன்று நாளுக்கு மேல் வென்டிலேட்டரில் இருக்கப்போகிறவர்களுக்கு அது பயன்படும்.

ஐசியூ அக்கா:
தலைப்பக்கத்தை 30–45 பாகை உயர்த்துவது, தினமும் பல் துலக்கல், மயக்க மருந்தைக் குறைத்துச் சீக்கிரம் டியூபை எடுக்கப் பார்ப்பது, இதெல்லாம் காசில்லாத வேலை. குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினியால் வாய் கழுவுவதை அதே வழிகாட்டல் இப்போது வேண்டாம் என்கிறது. உங்கள் யூனிட்டில் இன்னும் அதுதானா?