அபிடானோவா, ஆபிடனோவா?

கோடைமழை:
கடைசிக்கு முந்தைய அசையை அழுத்து. இத்தாலிய வகுப்பில் முதல் வாரமே கிடைத்த விதி இது. அதை நம்பி, 'அவர்கள் ரோமில் வசிக்கிறார்கள்' என்பதற்கு 'அபிடானோ' என்றேன். ஆசிரியை சிரித்துவிட்டார். 'ஆபிடனோ'வாம். நான்கு அசையில் முதலாவது! விதியாவது மண்ணாவது, எல்லாம் மனப்பாடம்தான்.

ஓரெழுத்து:
அவசரப்படாதீர்கள். 'வசிக்கிறேன்' என்பது ஆபிடோ. 'அவர்கள்' என்று வந்தால் பின்னால் ஓர் அசை கூடுகிறது, அழுத்தம் நகர்வதில்லை. பர்லோ (பேசுகிறேன்), பர்லனோ (பேசுகிறார்கள்) இரண்டிலும் 'பர்'தான். 'நாம்', 'நீங்கள்' வடிவங்களில் மட்டும் அழுத்தம் விகுதிக்குத் தாவும்: அபிட்யாமோ, அபிடாடே. (இறுதி ஓகாரத்தையும் ஏகாரத்தையும் குறுக்கிப் படியுங்கள், எழுத வேறு வழியில்லை.)

கோடைமழை:
சரி, ஆபிடோவில் முதலசை என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது? இம்பாரோவும் (கற்கிறேன்) மூன்றசைதான். அங்கே நடு அசை. அபிடாரே, இம்பராரே என்று மூல வடிவங்களோ ஒரே தாளத்தில் ஒலிக்கின்றன. உங்கள் விதி பாதி வழியில் கைவிடுகிறதே!

ஓரெழுத்து:
ஒப்புக்கொள்கிறேன், 'நான்' வடிவத்துக்கு அகராதிதான் கதி. ஆனால் அந்த ஒன்று தெரிந்தால் நிகழ்காலத்தின் ஆறில் நான்கு வடிவங்கள் கைக்குள். அலட்சியம் செய்தால், 'நேர்கின்றன' என்ற காபிடனோ, 'தலைவன்' என்ற கபிடானோ ஆகிவிடும். இரண்டுக்கும் எழுத்து ஒன்றே. அழுத்தம் கடைசி அசையில் விழுந்தால்தான் எழுத்தில் அழுத்தக்குறி கட்டாயம்; அப்போது இதே சொல்லின் பொருள் 'தலைமை தாங்கினான்'.

பழைய மாணவி:
அசை பிரிப்பதையே யாரும் தொடவில்லையே. 'முடிக்கிறார்கள்' என்பதைப் பள்ளி இலக்கணம் ஃபி-னி-ஸ்கொ-னோ என்று பிரிக்கும். என் காது ஏற்கவில்லை. ஈற்றயலில் அழுத்தம் பெற்ற திறந்த அசை, அதாவது உயிரொலியில் முடியும் அசை, நீளும். பர்லாரேயில் 'லா' நீள்கிறது. ஃபினிஸ்கோ (முடிக்கிறேன்) என்பதில் 'னி' நீள்வதில்லை. அப்படியானால் ஸ் அந்த அசையை மூடுகிறது: ஃபி-னிஸ்-கோ.

ஓரெழுத்து:
'ஸ்குவோலா' (பள்ளி) என்று ஸ்க்-இலேயே சொல் தொடங்குகிறது. ஸ்க் சேர்ந்து நிற்கும் மொழியில் ஏன் உடைக்க வேண்டும்?

பழைய மாணவி:
மாணவனைக் குறிக்கும் ஸ்டுடென்டேக்கு முன், ஆங்கில 'the' போன்ற சொல்லாக 'இல்' வராமல் 'லோ' வருவது எதனால்? ஸ் சாய்ந்துகொள்ள முன்னால் ஓர் உயிர் வேண்டியிருக்கிறது: லோஸ்-டு-டென்-டே. வரியை மடக்கிக் கணினியில் எழுதுவதற்கு உங்கள் விதி போதும், உச்சரிப்புக்குப் போதாது.

கோடைமழை:
நீங்கள் இருவரும் ஸ்-ஸை இழுத்துக்கொண்டிருங்கள். நான் அகராதியில் 'நான்' வடிவங்களைத் தேடப் போகிறேன். டெலேஃபொனோவிலேயே (தொலைபேசியில் அழைக்கிறேன்) இரண்டாவது அசை என்று இப்போதுதான் பார்த்தேன்.