பத்து வயது மகள், எல்லாப் பாடத்திலும் ஒரே நேரத்தில் தடுமாறுகிறாள்

நிலாஅம்மா

வணக்கம். மகளுக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. மூன்றாம் வகுப்பு முடியும்வரை அவள் படிப்பைப் பற்றி எனக்குக் கவலையே இருந்ததில்லை. வாய்ப்பாடு தலைகீழ்ப் பாடம். வாசிப்பு தங்குதடையில்லாமல் ஓடும். போன வருஷம் நடுவிலிருந்து மெல்லச் சறுக்க ஆரம்பித்தாள். இந்த வருஷம் கணக்கு, அறிவியல், சமூக அறிவியல், மொழி என்று ஒன்றையும் விடாமல் மார்க் இறங்கியிருக்கிறது.

முதலில் திட்டினேன். அதன் பிறகு நோட்டைக் காட்டவே பயந்தாள். அது என் தவறு. போன வாரம் மூன்று நாள் சாயங்காலம் அவளோடு உட்கார்ந்து, எல்லா நோட்டையும் தரையில் பரப்பி, தப்பு வந்த இடங்களை மட்டும் ஒரு தாளில் எழுதினேன். அதை அப்படியே இங்கே தருகிறேன்.

1/2 + 1/3 கணக்குக்கு விடை 2/5 என்று எழுதியிருக்கிறாள். 0.4, 0.35 இரண்டில் எது பெரியது என்றால் 0.35 என்கிறாள். நிலப்படத்தில் 1 செ.மீ. = 10 கி.மீ. என்று போட்டிருக்கிறது. இரண்டு ஊருக்கு நடுவே ஸ்கேல் வைத்து 4.5 செ.மீ. என்று சரியாக அளந்துவிட்டு, தூரம் 4.5 கி.மீ. என்று எழுதிவிட்டாள். கி.மு. 300, கி.மு. 200 இரண்டில் முந்தியது எது என்றால் 200 என்கிறாள். அறிவியலில் ஒரு கிராஃப்: முதல் செடி 4 செ.மீ. இருந்து 8 செ.மீ. ஆகியிருக்கிறது, இரண்டாவது 20 செ.மீ. இருந்து 25 செ.மீ. எது அதிகம் வளர்ந்தது என்ற கேள்விக்கு, "இரண்டாவது, ஏனென்றால் அதுதான் உயரம்" என்று விடை. மொழிப் பாடத்தில் ஒரு பத்தியைச் சுருக்கி எழுதச் சொன்னால், முதல் இரண்டு வரியை அப்படியே பார்த்து எழுதி முடித்துவிடுகிறாள்.

உறவினர் ஒருவர், "அறிவியல், சமூக அறிவியலை எல்லாம் கொஞ்ச நாள் ஒதுக்கி வை, கணக்கையும் வாசிப்பையும் மட்டும் பிடி" என்கிறார். ஒவ்வொரு பாடத்துக்கும் தனியாக ஆள் வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டுமோ என்றும் குழப்பமாக இருக்கிறது. இந்த வயதில் அப்படி என்னதான் மாறுகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரும்பலகை

அம்மா, வணக்கம். நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு 22 வருஷம் பாடம் எடுத்தவன் நான். உங்கள் பட்டியலை இரண்டு முறை படித்தேன். ஆறு தப்பு எழுதியிருக்கிறீர்கள். சுருக்கி எழுதுவதை மட்டும் தனியாக வைத்துவிட்டால், மற்ற ஐந்தும் ஒரே வேரில் முளைத்தவை.

மூன்றாம் வகுப்புவரை எண் என்றால் பிள்ளைக்கு எண்ணிக்கை. பெரிய எண் என்றால் நிறைய. அந்தப் பிடிமானம் அதுவரை ஒருமுறைகூட அவளைக் கைவிட்டதில்லை. நான்காம் வகுப்பிலிருந்து எண்ணுக்கு இன்னொரு வேலை வந்துவிடுகிறது: ஒன்றை இன்னொன்றோடு வைத்து ஒப்பிட்டுச் சொல்வது. 1/3 என்பதில் அவள் 1-ஐயும் 3-ஐயும் தனித்தனியாகப் பார்க்கிறாள். அதனால்தான் மேலே மேலேயும், கீழே கீழேயும் கூட்டுகிறாள். 0.35-இல் 35 தெரிகிறது, 35 நாலைவிடப் பெரியது. நிலப்படத்தில் 4.5 தெரிகிறது, அதையே எழுதிவிடுகிறாள். கி.மு. ஆண்டிலும் எண் சிறியதா பெரியதா என்று மட்டும் பார்க்கிறாள், எங்கிருந்து எண்ணுகிறோம் என்று பார்க்கவில்லை.

இந்த மாற்றம் கணக்கில் பின்னம் என்ற பெயரில் வருகிறது. நிலப்படத்தில் அதற்கு அளவை என்று பெயர், வரலாற்றில் காலக்கோடு, அறிவியலில் கிராஃப். நான்கும் ஏறக்குறைய ஒரே வருஷத்தில் வந்து சேர்கின்றன. அந்தந்த பீரியடில் அந்தந்தப் பெயரோடு நடத்திவிட்டுப் போகிறோம். பிள்ளை நான்கு புதுச் சுமை என்று நினைத்துத் தவிக்கிறது. ஆகவே எல்லாம் ஒரே நேரத்தில் சறுக்குகிறது என்று நீங்கள் சொன்னது சரியான கவனிப்பு.

இதைத் தள்ளிப்போட வேண்டாம். 2012-இல் ராபர்ட் சீக்லர் என்ற உளவியலாளரும் அவரோடு பணியாற்றியவர்களும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பத்து, பன்னிரண்டு வயதில் பின்னமும் வகுத்தலும் எவ்வளவு புரிந்திருக்கிறது என்பதை வைத்தே, ஐந்தாறு வருஷம் கழித்து மேல்நிலைப் பள்ளியில் இயற்கணிதம் எப்படி வரும் என்று ஓரளவு கணிக்க முடிந்தது. குடும்ப வருமானம், பொது அறிவுத்திறன் இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது.

இப்போது என்ன செய்யலாம்? தாளை ஒட்டி ஒட்டி, சரியாக ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு பட்டை செய்யுங்கள். இடது முனை 0, வலது முனை 1. பாதியாக மடித்தால் 1/2, அது 50 செ.மீ. மூன்றாக மடித்தால் 1/3, 33 செ.மீ. சொச்சம். பிறகு அவள் விடையான 2/5-ஐ அவளையே குறிக்கச் சொல்லுங்கள். 40 செ.மீ.-இல் வந்து நிற்கும். அரையோடு இன்னொன்றைச் சேர்த்திருக்கிறோம், விடையோ அரையைவிடக் குறைந்து கிடக்கிறது. அந்த இடத்தில் நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்பேன். என் வகுப்பில் ஒரு பையன் அளவு நாடாவே தப்பு என்று வேறு நாடா கொண்டுவந்து அளந்தான். அளந்து முடித்து, "அப்போ என் கணக்குதான் தப்பு" என்று அவன் வாயால் சொன்னது நான் பத்து நாள் நடத்தினாலும் வந்திருக்காது. அதன் பிறகு ஆறு சம பங்காக மடித்து 3/6, 2/6 என்று காட்டினால் 5/6 தானாக வரும். 0.4 எங்கே, 0.35 எங்கே என்பதும் அதே பட்டையில் 40, 35 என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

பட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். மறுநாள் திருப்பிப் போட்டு, இடது முனையில் பூமி பிறந்தது, வலது முனையில் இன்று என்று எழுதுங்கள். பூமியின் வயது சுமார் 460 கோடி ஆண்டு. டைனோசர்கள் தோன்றியது சுமார் 23 கோடி ஆண்டுக்கு முன்பு. எங்கே வரும் என்று முதலில் அவளை ஊகிக்கச் சொல்லிவிட்டுக் கணக்குப் போடுங்கள். மனித இனம் தோன்றி சுமார் 3 லட்சம் ஆண்டு. இந்தப் பட்டையில் அது ஒரு தாளின் தடிமன்கூட இல்லை.

நிலப்படத்துக்கு ஒரே ஒரு கேள்வி போதும். "எத்தனை கிலோமீட்டர்?" என்று கேட்காமல், "எத்தனை பத்துக் கிலோமீட்டர்?" என்று கேளுங்கள். நாலரைப் பத்து என்று சொன்னால் 45 கையில் வந்துவிட்டது.

செடிக் கேள்வி உண்மையில் அருமையான கேள்வி. சென்டிமீட்டரில் பார்த்தால் இரண்டாவது செடி 5 வளர்ந்தது, முதல் செடி 4 தான். ஆனால் முதல் செடி தன் உயரத்தைப் போல் இரண்டு மடங்கானது, இரண்டாவது கால் பங்குதான் கூடியது. இரண்டு விடையும் சரி. உங்கள் மகள் உயரத்தைச் சொல்லியிருக்கிறாள், வளர்ச்சியைச் சொல்லவில்லை. "எதோடு ஒப்பிட்டு?" என்று அவளே திருப்பிக் கேட்கும் நாள் வந்தால் எனக்கு இங்கே எழுதுங்கள்.

இவையெல்லாம் ஓரளவு பிடிபட்ட பிறகு எரட்டோஸ்தனிஸ் என்ற பழைய கிரேக்க அறிஞரின் கதையைச் சொல்லுங்கள். 2,200 ஆண்டுகளுக்கு முன்பு, வருஷத்தின் மிக நீண்ட பகலில், உச்சி வேளையில், எகிப்தில் சையீன் என்ற ஊரில் சூரியன் நேர் தலைக்கு மேல் இருந்தது. அதே வேளையில் அலெக்சாந்திரியாவில் நிழல் விழுந்தது. நிழலின் கோணம் ஒரு வட்டத்தில் 1/50 பங்கு. அப்படியானால் இரண்டு ஊருக்கு இடையே உள்ள தூரமும் பூமியின் சுற்றளவில் 1/50. அந்தத் தூரத்தை 50 மடங்காக்கினால் சுற்றளவு வந்துவிடும். ஒரே ஒரு பின்னத்தை வைத்து அவர் பூமியையே அளந்துவிட்டார். இதை எந்தப் பாடத்தின் கீழ் எழுதுவது என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள்.

நூலகஅலமாரி

சார் எழுதியதில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். சுருக்கி எழுதுவதைத் தனியாக வைக்க எனக்கு மனமில்லை. ஒரு பத்தியில் எந்த வாக்கியம் எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று பார்ப்பதும் முழுமையையும் பங்கையும் பார்ப்பதுதான்.

நான் பள்ளி நூலகம் பார்த்துக்கொள்பவள். தங்குதடையில்லாமல் வாசிக்கும் பிள்ளைகள்தான் இந்த வயதில் நம்மை ஏமாறவைப்பார்கள். ஒரு பெண் என் முன்னால் நின்று, "தாவரங்கள் இரவும் பகலும் சுவாசிக்கின்றன. மாறாக, ஒளிச்சேர்க்கை ஒளி இருக்கும்போதுதான் நடக்கிறது" என்று கணீரென்று வாசித்தாள். "என்ன சொல்கிறது?" என்று கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர்" என்றாள். 'மாறாக' என்ற ஒரு சொல்லைத் தாண்டிக் குதித்துவிட்டாள். எனினும், ஆகவே, இதன் விளைவாக, ஒப்பிடுக, வேறுபடுத்துக. கதைப் புத்தகத்தில் இவை அதிகம் வருவதில்லை, நான்காம் வகுப்புப் பாடநூலிலோ பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. வாசிக்கக் கற்கும் கட்டம் முடிந்து, வாசித்துக் கற்கும் கட்டம் தொடங்கும் இந்த இடத்தைப் பற்றி ஜீன் சால் என்ற கல்வியாளர் 1983-லேயே விரிவாக எழுதியிருக்கிறார்.

சுருக்கம் எழுத நான் செய்யும் வழி இது. எட்டு வாக்கியம் உள்ள பத்தியைக் கொடுத்து, பென்சிலால் ஆறை அடிக்கச் சொல்வேன். இரண்டுதான் மிஞ்ச வேண்டும். ஒவ்வொன்றை அடிக்கும்போதும், "இது இல்லாமல் மற்றது புரியுமா?" என்று கேட்பேன். முதல் நாள் அழுகை வரும். நாலாவது நாள் அவர்களே ஒருவரோடு ஒருவர் வாதாடுவார்கள்.

உறவினர் சொன்னதைத் தயவுசெய்து கேட்காதீர்கள். அறிவியலையும் சமூக அறிவியலையும் எடுத்துவிட்டால் வாசிப்புதான் முதலில் அடிபடும். 1988-இல் ரெக்ட், லெஸ்லி என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். பேஸ்பால் ஆட்டம் ஒன்றின் வர்ணனையைப் பிள்ளைகளிடம் வாசிக்கக் கொடுத்து, நடந்ததைத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். வாசிப்பில் கெட்டி, ஆனால் ஆட்டம் தெரியாது என்ற பிள்ளைகளைவிட, வாசிப்பில் பின்தங்கி, ஆட்டம் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் நன்றாகச் சொன்னார்கள். விஷயம் தெரிந்தால்தான் வாசிப்பு உள்ளே இறங்குகிறது.

இருவர்அப்பா

எனக்கு ஆசிரியர் அனுபவம் இல்லை, பையனோடு செய்ததைச் சொல்கிறேன். இரண்டு தொட்டி வைத்தோம். ஒன்றை இருட்டில் வைத்து, அதற்குத் தண்ணீரையும் நிறுத்திவிட்டான். செடி வாடியது. "இருட்டினாலா, தண்ணீர் இல்லாததாலா?" என்று கேட்டேன். பதில் சொல்ல முடியாமல் நின்றவன், அன்று ராத்திரியே மூன்று தொட்டி வேண்டும் என்று வந்து கேட்டான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதை அப்படித்தான் பிடித்தான்.

பிறகு வான் ஹெல்மாண்ட் என்ற அறிவியலாளரின் சோதனையைச் சொன்னேன். 17-ஆம் நூற்றாண்டு. சுமார் 90 கிலோ உலர்ந்த மண்ணில் சின்ன வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டு, ஐந்து வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 70 கிலோவுக்கு மேல் கூடியது, மண்ணில் குறைந்தது 60 கிராம்கூட இல்லை. எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று முடிவு செய்தார். காற்றிலிருந்து செடி எதையாவது எடுக்கும் என்பது அவர் கணக்கிலேயே இல்லை. "அவ்வளவு கவனமா அளந்தவரும் ஒண்ணை விட்டுட்டாரா!" என்று பையன் இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

நிலாஅம்மா

சார், அக்கா, அண்ணா, மூவருக்கும் நன்றி. தனித்தனி ஆள் யோசனையை விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை பட்டை செய்தோம். 2/5 அரைக்கு முன்னால் வந்ததும் பட்டையை ஒருமுறை பார்த்தாள், நோட்டை ஒருமுறை பார்த்தாள். நான் சொல்லாமலே ரப்பரை எடுத்தாள். பேசாமல் இருப்பது எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூமிக் காலக்கோடு. டைனோசர் எங்கே என்றதும் இடது முனைக்குப் பக்கத்தில் விரல் வைத்தாள். கணக்குப் போட்டால் வலது முனையிலிருந்து 5 செ.மீ. தள்ளித்தான் ஆரம்பம். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அப்போ இந்த 95 சென்டிமீட்டர்லயும் யாரும்மா இருந்தா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. கி.மு. விஷயத்தை இதில் எப்படிக் காட்டுவது என்பதும் புரியவில்லை.

கரும்பலகை

அந்தக் கேள்வியை ஒரு தாளில் தேதி போட்டு எழுதி வையுங்கள் அம்மா. அதில் மிகப் பெரும்பகுதி நுண்ணுயிர்கள் மட்டுமே. குறைந்தது 350 கோடி ஆண்டுக்கு முன்பே உயிர் இருந்ததற்குத் தடயம் உண்டு, அது இடமிருந்து 24 செ.மீ. அளவில் வரும். 24-ஐ நீங்கள் சொல்லாதீர்கள், அவள் கண்டுபிடிக்கட்டும்.

கி.மு.-வுக்கு வேறு பட்டை வேண்டும். இரண்டு பட்டையை முனையோடு முனை ஒட்டுங்கள். ஒட்டிய இடத்திலிருந்து வலப்பக்கம் கி.பி., இடப்பக்கம் கி.மு. இரண்டு பக்கமும் அந்த ஒட்டிலிருந்துதான் எண்ண வேண்டும். 300 தள்ளி இருக்கிறது, 200 கிட்டே இருக்கிறது என்பதை விரலால் நடந்து பார்க்கட்டும். ஒட்டில் 0 என்று எழுதிவிடாதீர்கள். அந்த ஆண்டுக் கணக்கில் பூஜ்ய ஆண்டு கிடையாது, கி.மு. 1 முடிந்ததும் கி.பி. 1. அது மனதில் பதிந்த பிறகு, கி.மு. 200-இலிருந்து கி.பி. 200-க்கு எத்தனை வருஷம் என்று கேளுங்கள். 400 என்பாள். 399 என்று மட்டும் சொல்லிவிட்டுப் பட்டையை அவள் கையில் கொடுங்கள்.