பழைய 1911: ரிகாயில் ஸ்பிரிங் எத்தனை பவுண்டு போடுவது?

ஸ்லைடுலாக்:
செகண்ட்ஹேண்ட் 1911 கைத்துப்பாக்கி, .45 ஏசிபி தோட்டா, 5 அங்குல பேரல். இதுவரை எத்தனை ரவுண்டு சுட்டார்கள் என்று விற்றவருக்கே தெரியவில்லை. சாதாரண 230 கிரெய்ன் எடைக் குண்டுள்ள தோட்டாவுக்கே காலி உறை 15 அடி தள்ளி விழுகிறது. சுட்டதும் பின்னால் போகும் ஸ்லைடை (மேல்பகுதி) திரும்ப முன்னால் தள்ளும் ரிகாயில் ஸ்பிரிங் கடையில் 14 முதல் 20 பவுண்டு விசை வரை இருக்கிறது. கனமானதைப் போட்டால் ஃப்ரேமுக்கு (கீழ்ப்பகுதி) நல்லதுதானே?

எண்ணெய்த்துணி:
16 பவுண்டு போடுங்கள். 5 அங்குல .45-க்கு அதுதான் வழக்கமான அளவு; 1911-இன் குட்டை வகையான 4.25 அங்குல கமாண்டருக்கு 18. 15 அடி போகிறது என்றால் ஸ்பிரிங் சோர்ந்திருக்கும். காலி உறையை இழுத்து வெளியே எறியும் எஜெக்டர், எக்ஸ்ட்ராக்டர் அமைப்பாலும் தூரம் மாறும்தான், ஆனால் கணக்குத் தெரியாத ஸ்பிரிங்கை எப்படியும் மாற்றத்தான் வேண்டும்.

கனம் கூட்டினால் நல்லது என்பது பாதி உண்மை. ஸ்லைடு பின்னால் மோதும் அடி குறையும், முன்னால் திரும்பும் வேகம் கூடும். அந்த அடியை பேரலின் கீழ்க்காலும் ஸ்லைடு ஸ்டாப்பின் (ஸ்லைடைப் பிடித்து நிறுத்தும் நெம்பு) ஊசியும் வாங்கும். மேகசின் அடுத்த தோட்டாவை மேலே தள்ளுவதற்குள் ஸ்லைடு வந்துவிட்டால் தோட்டா மூக்கைக் குத்தி நிற்கும். 20 பவுண்டில் மென்மையான தோட்டா சுட்டால் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாமல் உறை வெளியேறும் வாயிலிலேயே சிக்கும்.

புஷிங்சாவி:
மாற்றும் முறை: மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, தோட்டா உட்காரும் அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். பிளக்கைக் (ஸ்பிரிங்கின் முன்முனையை மூடும் மூடி) கட்டைவிரலால் உள்ளே அழுத்தியபடி, முன்னாலிருந்து பார்க்கும்போது புஷிங்கைக் (பேரலின் முன்முனையைப் பிடிக்கும் வளையம்) கடிகாரத் திசையில் கால் சுற்று திருப்புங்கள். விரலை உடனே எடுக்காதீர்கள், பிளக் வீட்டு அறைக்குக் குறுக்கே பறக்கும். மெதுவாக வெளியே விடுங்கள்.

ஸ்லைடைப் பின்னிழுத்து, அதிலுள்ள சிறிய வெட்டு ஸ்லைடு ஸ்டாப்பின் பின்முனைக்கு நேராக வந்ததும் வலப்பக்கமிருந்து ஊசியைத் தள்ளினால் ஸ்டாப் இடப்பக்கம் வந்துவிடும். ஸ்லைடு முன்னால் கழன்றுவிடும். புது ஸ்பிரிங்கின் ஒரு முனை இறுக்கமாக இருக்கும். அது கைடு ராடில் (ஸ்பிரிங்குக்குள் போகும் கம்பி) உட்காரும், மறுமுனை பிளக்குக்குள். சேர்க்கும்போது பேரலின் கீழே தொங்கும் சிறிய இணைப்புத் துண்டான லிங்க்கின் துளை வழியாக ஊசி போயிருக்கிறதா என்று பாருங்கள், பலர் தவறுவது அங்கேதான்.

பழைய ஸ்பிரிங்கைக் கையால் இழுத்து நீட்டிப் போடுவது வேண்டாம். புதியதும் முதல் சில மேகசினுக்குப் பிறகு கொஞ்சம் குறுகும், அது இயல்பு.

ஸ்லைடுலாக்:
நன்றி. கைடு ராடில் அடியைத் தாங்க ஒரு ரப்பர் பஃபர் மாட்டியிருக்கிறது. விடலாமா?

எண்ணெய்த்துணி:
கழற்றிவிடுவதே நல்லது. தேய்ந்து துண்டாகி உள்ளே விழும், ஸ்லைடின் ஓட்டத்தையும் குறைக்கும். எந்த ஸ்பிரிங் போட்டாலும் ஒரு சோதனை செய்யுங்கள்: ஸ்பிரிங் இல்லாமல் ஸ்லைடை முழுதாக இழுத்து, அது ஃப்ரேமின் பின்னே எதுவரை வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்குடன் அதே இடத்துக்கு வராவிட்டால் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டுகின்றன. அந்த ஸ்பிரிங் ஆகாது. ஃபயரிங் பின் (தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி) ஸ்பிரிங்கையும் கூடவே மாற்றுங்கள். பிறகு 2000 முதல் 3000 ரவுண்டுக்கு ஒருமுறை.

புஷிங்சாவி:
கழற்றியிருக்கும்போதே ஃப்ரேமையும் பாருங்கள். ஸ்லைடு ஸ்டாப் வெட்டுக்கு மேலே ரெயிலில் பாலம் போல மெல்லிய இரும்பு இருந்தால், அதில் மயிரிழை விரிசல் சகஜம். 1911-ஐத் தயாரிக்கும் கோல்ட் நிறுவனம் பின்னாளில் அந்தப் பாலத்தையே வெட்டி எடுத்துவிட்டது. வேறு இடத்தில் விரிசல் கண்டால் சுடாமல் கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) காட்டுங்கள்.