பழைய கிளையன்ட் கம்பெனிய மூடிட்டாங்க, ஃப்ரீலான்ஸ் அனுபவத்துக்கு என் சின்ன சைட்டை ஆதாரமா காட்டலாமா?

தறிநூல்:
வணக்கம் மக்களே, அவசரமா ஒரு உதவி. புது வேலைக்கு ஆஃபர் வந்துடுச்சு, பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் ஓடிட்டு இருக்கு. 2013ல இருந்து 2016 வரைக்கும் ஃப்ரீலான்ஸா டேட்டாபேஸ் வேலை பாத்தேன், அதுல பெரிய கிளையன்ட் கம்பெனியவே இழுத்து மூடிட்டாங்க, மெயில் போட்டா பவுன்ஸ் ஆகுது, லெட்டர் குடுக்க அங்க ஆளே இல்ல. வேற ஆதாரம் இருந்தா அனுப்புங்கன்றாங்க. என்கிட்ட இருக்கிறது அப்போ எழுதி வெச்ச ஒரு குட்டி சைட்தான், வேலையில வந்த பிரச்சனைய எப்படி தீர்த்தேன்னு குறிப்புங்க, அவ்ளோதான். ஹோஸ்டிங் கம்பெனி சர்வர் மாத்தினப்போ எல்லா பக்கத்துலயும் ஒரே தேதி விழுந்துடுச்சு, பாத்தா போன வருஷம் எழுதின மாதிரி இருக்கு. பழைய தேதிய எப்படி நிரூபிக்கிறது?

மின்மினி:
முதல்ல வேபேக் மெஷின்ல (பழைய வெப் பக்கங்கள சேமிச்சு வைக்கிற இணைய ஆர்கைவ்) உங்க சைட் முகவரிய போட்டுப் பாருங்க ப்ரோ. பதிவு இருந்தா அந்த லிங்க்குக்கு நடுவுல 14 இலக்கம் வரும், முதல் நாலு இலக்கம் வருஷம், அப்புறம் மாசம், நாள், மணி, நிமிஷம், செகண்ட், எல்லாம் யுடிசி (உலகப் பொது) நேரம். அது உங்க பக்கத்த அவங்க பதிவு எடுத்த நேரம், உங்க சர்வர்ல என்ன மாத்தினாலும் அது மாறாது. ஸ்க்ரீன்ஷாட் வேணாம், லிங்க்கையே அனுப்புங்க, அவங்களே திறந்து பாக்கட்டும்.

நெடுவழி:
ஐகேன் லுக்கப்ல (டொமைன், அதாவது சைட் பேரோட பதிவு விவரத்த தேடுற பக்கம்) டொமைன் பதிவான தேதியும் கிடைக்கும், ஆனா ஓனர் பேரு 2018க்கு அப்புறம் பெரும்பாலும் மறைச்சுதான் இருக்கும், அதனால அது மட்டும் பத்தாது. டொமைன் வாங்கின ரசீது, அந்த டொமைன் மெயில் ஐடியில இருந்து கிளையன்ட்டுக்கு போன இன்வாய்ஸ், அதே தொகை உங்க அக்கவுண்ட்ல விழுந்த பேங்க் ஸ்டேட்மென்ட், மூணையும் சேத்து குடுங்க. இன்னொண்ணு, தயவுசெஞ்சு பக்கத்துல நீங்களா பழைய தேதிய போட்டுடாதீங்க, ஆர்கைவ்ல வேற மாதிரி இருந்துச்சுன்னா உண்மையா இருக்கிறதையும் நம்ப மாட்டாங்க.

தறிநூல்:
கிடைச்சுடுச்சு!! எல்லா பக்கமும் இல்ல, ஆனா "ஏன் 191?"ன்னு எழுதின பக்கம் 2014லயே பதிவாகி இருக்கு. மைஎஸ்கியூஎல்ங்கிற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்ல பழைய யுடிஎஃப்8 (எழுத்த பைட்டா சேமிக்கிற முறை) ஒரு எழுத்துக்கு அதிகபட்சம் 3 பைட்தான் வெச்சுக்கும், எமோஜிக்கு 4 வேணும், அதனால 4 பைட் வரைக்கும் வெச்சுக்கிற யுடிஎஃப்8எம்பி4க்கு மாத்தினா அப்போ 255 எழுத்து ஃபீல்டுல இன்டெக்ஸ் (வேகமா தேட வெக்கிற பட்டியல்) எரர் அடிக்கும், இன்டெக்ஸுக்கு அப்போ லிமிட் 767 பைட், 4ஆல வகுத்தா 191 எழுத்துதான் தேறும். அந்த கிளையன்ட் வேலையில மாட்டிக்கிட்டு எழுதினது. ஆனா இது ஆதாரமான்னு கேட்டா என்ன சொல்றது?

அடுக்குமல்லி:
என்னப் பொறுத்தவரை உங்ககிட்ட இருக்கிறதுலயே பலமான ஆதாரம் அதுதான் தம்பி. நான் ஆளெடுக்கிற பக்கம் இருக்கேன், லெட்டர்ல "டேட்டாபேஸ் வேலை பார்த்தார்"னு ஒரு வரிதான் இருக்கும், உங்க பக்கத்துல எந்த எரர் வந்துச்சு, எதை முயற்சி பண்ணி சரிவரல, ஏன் அந்த நம்பர்னு எல்லாம் இருக்கு. மைஎஸ்கியூஎல் 5.7 வெர்ஷன்ல அந்த லிமிட் டீஃபால்ட்டாவே 3072 பைட் ஆயிடுச்சு, அதனால 191ஓட மல்லுக்கட்டினவங்க பெரும்பாலும் அந்த காலத்து ஆளுங்கதான். ஆர்கைவ் லிங்க்கோட "எந்த கிளையன்ட், எந்த மாசம், எந்த இன்வாய்ஸ்"னு ரெண்டு வரி எழுதி அனுப்புங்க. கிளையன்ட் டேட்டா எதுவும் வெளிய தெரியுற மாதிரி பக்கத்துல இருந்தா மட்டும் அனுப்புறதுக்கு முன்னாடி யோசிங்க.

தறிநூல்:
அப்டேட்: எல்லாத்தையும் ஒரே மெயில்ல அனுப்பினேன், ஏத்துக்கிட்டாங்க! டீம் லீட் ஃபோன் பண்ணி அந்த 191 பக்கத்த பத்தியே ரொம்ப நேரம் பேசினார், அந்த சைட்டை இப்படி ஒருத்தர் உக்காந்து படிப்பார்னு நான் நெனச்சதே இல்ல. எல்லாருக்கும் மனசார நன்றி.

மின்மினி:
சூப்பர் ப்ரோ, வாழ்த்துக்கள்! ஆர்கைவ்ல விட்டுப்போன பக்கங்கள அங்கயே இருக்கிற "சேவ் பேஜ் நவ்"ல இன்னைக்கே போட்டுடுங்க, டொமைனுக்கும் ஆட்டோ ரின்யூ ஆன்ல இருக்கான்னு பாத்துக்கோங்க.